லென்ஸ் துடைத்த அரை நிமிடம்

குழந்தைகள் புற்றுநோய் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் துறைத் தலைவர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். நான் செய்த நுண்துளை அறுவை ஒன்றின் வீடியோவை முதல் வாரத்திலேயே உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்களாம். ‘எப்போது நிறுத்த வேண்டும்’ என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாதாம். ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் காலையில் இரண்டு இட்லி கூடுதலாக இறங்க வேண்டும். எனக்கு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நுண்துளை அறுவை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றில் மூன்று நாலு சின்னத் துளை, ஒன்றில் கேமரா, மற்றதில் நீளமான கருவிகள். டிவியைப் பார்த்துக்கொண்டே வேலை. சேலத்தில் இதற்குக் ‘கம்ப்யூட்டர் ஆபரேஷன்’ என்று பெயர். வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, டாக்டர் ஓரமாக நின்று டீ குடிக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை. பில்லைப் பார்க்கும்போது மட்டும் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும்.

செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ராவுத்தர் ஒருவர் பேரனைக் கூட்டி வந்தார். பையனின் நெஞ்சுக்குள் ஒரு கட்டி. துளை வழியாகச் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று சொல்லி, காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓட்டை இவ்ளோ சின்னதா இருக்கே டாக்டர், அப்ப வியாதியும் சின்னதுதானே?” என்று கேட்டார். பாவம், நம்பித்தான் கேட்டார். நான் டாக்டர்கள் அறையில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

அதே கருத்தைத்தான் நான் ஊர் ஊராகப் போய் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். ராவுத்தர் தமிழில் சொன்னால் அறியாமை, நான் கோட்டு போட்டுக்கொண்டு படம் காட்டிச் சொன்னால் முன்னேற்றம். சின்னத் துளை என்பது என்னளவில் நல்ல மருத்துவத்துக்கு அடையாளமாகிவிட்டது. வயிற்றை நீளமாகத் திறப்பவர்களைப் பார்த்தால் மாட்டுவண்டியில் வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். இந்த மனநிலையில்தான் தர்ஷினி என்னிடம் வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு அப்போது நாலு வயது. வெண்ணந்தூர்ப் பக்கம். குளிக்க வைக்கும்போது அம்மாவின் கைக்கு இடது வயிற்றில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டிருக்கிறது. ராசிபுரத்தில் ஸ்கேன் எடுத்து, அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். இடது சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ஓரளவு நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிய நோய் இது. முறையாகச் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடும். முறை என்பதில் முதல் விதி, கட்டியை உடைக்காமல் முழுசாக வெளியே எடுப்பது. உள்ளே உடைந்து சிந்தினால் நோயின் நிலை ஒரு படி ஏறிவிடும். பிறகு வயிற்றுக்குக் கதிர்வீச்சு, இன்னும் கடுமையான மருந்து என்று குழந்தை கூடுதலாகப் படவேண்டும். பரீட்சைக்கு நீங்கள் இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் செய்திருந்தேன்.

சில வாரம் மருந்து கொடுத்ததில் கட்டி நன்றாகச் சுருங்கியது. சின்னக் கட்டி, நல்ல இடம், நுண்துளைக்கு ஏற்றது என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பில்லை, இன்றைக்கும் அதையேதான் செய்வேன். தப்பு தேதியில் ஆரம்பித்தது. அந்த மாதம் எங்கள் மருத்துவமனையில் ஒரு பயிற்சிப் பட்டறை. அறுவை அரங்கில் நான் செய்வதை மேல்மாடிக் கூடத்தில் பல ஊர் டாக்டர்கள் திரையில் நேரடியாகப் பார்ப்பார்கள். மைக்கில் கேள்வி கேட்பார்கள், நான் கையை நிறுத்தாமல் பதில் சொல்ல வேண்டும். சர்க்கஸில் கூடக் கயிற்றின் மேல் நடப்பவனிடம் யாரும் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்பதில்லை.

வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நம் ஊரில் காதுகுத்துக்கே ஃபிளெக்ஸ் வைக்கும்போது ஒரு டாக்டருக்கு வைக்காமல் இருப்பார்களா? என் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. ‘தழும்பே தெரியாத புற்றுநோய் அறுவை’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்படிப் போடவேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். படத்தில் முடி கொஞ்சம் அடர்த்தியாக விழுந்திருந்ததில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

தர்ஷினியின் அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போட வண்டியோடு மத்தியப் பிரதேசம் போயிருந்தவர், தகவல் கேட்டுக் கிடைத்த லாரியில் ஏறி வந்து சேர்ந்தார். அறுவைக்கு முதல்நாள் சாயங்காலம் கையெழுத்து வாங்குவதற்காக அவரையும் அவர் மனைவியையும் உட்கார வைத்துப் பேசினேன். கூட வந்திருந்த சொந்தக்காரர்கள், தழும்பு விழுந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன சொல்வது என்று கேட்டார்கள். பெண்ணுக்கு நாலு வயது, வயிற்றில் புற்றுநோய், அவர்கள் கவலை மாப்பிள்ளை வீட்டைப் பற்றி. அம்மா மட்டும், “புள்ள ஊட்டுக்கு வந்தாப் போதுமுங்க, தழும்பு கெடக்குது” என்றார்.

அப்பாவுக்குத் தழும்பைப் பற்றிக் கேள்வி இல்லை. துளையைப் பற்றித்தான் இருந்தது. அதுதானே அவர் தொழில்.

“ஏனுங்க, உள்ள எறங்குனப்பறம் சிக்கிக்கிச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?”

உடனே வயிற்றைத் திறந்துவிடுவோம் என்றேன்.

“சிக்கிருச்சுன்னு எப்பத் தெரியுமுங்க?”

ஸ்கேன் இருக்கிறது, கேமரா பெரிதாக்கிக் காட்டும், எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று பொறுமையாக விளக்கினேன். பாமரனுக்கு விளக்கும்போது வரும் அந்தப் பொறுமை எவ்வளவு அசிங்கமானது என்று கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். அவர் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.

“நீரோட்டம் பாக்கறவரும் தேங்காய உள்ளங்கையில வெச்சுட்டு எல்லாந் தெரியுதுன்னுதானுங்க சொல்லுவாரு. எறங்குனாத்தானுங்க தெரியும். எங்க வேலையில சிக்கறதுக்கு முன்னாலயே சத்தம் மாறிப்போயிருமுங்க. மாறுனதும் நிறுத்தி ராடை மேல எடுத்துருவோம். இன்னும் பத்தடின்னு ஆசப்பட்டவன் ராடை உள்ளயே உட்டுட்டுத்தானுங்க வருவான்.”

நான் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினேன். என் முப்பது வருஷப் படிப்பையும் இருபது லட்ச ரூபாய் கேமராவையும் ஒரு ஆள் தேங்காய்க் கணக்கில் சேர்த்துவிட்டாரே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பு.

மறுநாள் காலை மேல்மாடிக் கூடத்தில் அரை மணி நேரம் பேசிவிட்டு அறுவைக்கு இறங்கினேன். என் கடைசிப் படத்தில் ஒரு விதி இருந்தது. இருபது நிமிடம் முன்னேற்றம் இல்லையென்றால் கௌரவம் பார்க்காமல் வயிற்றைத் திற. அந்தப் படத்துக்கு நல்ல கைத்தட்டல்.

அரங்கில் கருவி எடுத்துக்கொடுக்க நின்ற சிஸ்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலு வருஷம் முன்னாலேயே இந்த வேலைக்கு வந்தவர். அவர் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை, கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். அதிகம் பேசமாட்டார். நான் கேட்காத கருவியை அவர் கையில் வைத்தால் அதுதான் எனக்கு அடுத்து வேண்டிய கருவி என்று அர்த்தம். அது தெரிந்தும் பல நாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் போனது. ரத்தக் குழாய்களைக் கட்டியாயிற்று. மேலிருந்து மைக்கில் ‘பியூட்டிஃபுல் சார்’ என்றார்கள். கட்டியின் பின்பக்கம் ஓர் இடத்தில் முதுகுத் தசையோடு ஒட்டியிருந்தது. ஸ்கேனில் அது இல்லை. தேங்காய் சொல்லவில்லை. இந்தப் பக்கம் முயன்றேன், அந்தப் பக்கம் முயன்றேன், பிரியவில்லை. சுவர்க் கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சிஸ்டருக்கு அது நேரெதிரே.

இருபது நிமிடம் ஆனபோது அவர் வயிற்றைத் திறப்பதற்கான கருவித் தட்டை எடுத்து, துணியை விலக்கி, என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார். “இப்ப வேணாம் சிஸ்டர்” என்றேன். மைக்கில் யாரோ ஏதோ கேட்டார்கள், நகைச்சுவையாகப் பதில் சொன்னேன். மாடியில் சிரித்தார்கள். அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக மயக்க மருந்து டாக்டர் மகனுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். அவர் எப்போது பேச்சை நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. சத்தம் மாறிவிட்டது. மாறியது என் காதில் விழவும் செய்தது. இன்னும் பத்தடி என்று நினைத்தேன்.

லென்ஸில் ஆவி படிந்தது. துடைப்பதற்காகக் கேமராவை வெளியே எடுத்தார்கள். மாடித் திரையில் வெள்ளைத் துணியும் விரல்களும் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் கருவி எதையும் அசைக்கக் கூடாது என்பது நேற்று சேர்ந்த பயிற்சி மருத்துவனுக்கும் தெரிந்த பாடம். என் இடது கையில் கட்டியைப் பிடித்திருந்த இடுக்கி இருந்தது. அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன். விரலுக்குள் ஏதோ தளர்ந்தது தெரிந்தது.

கேமரா உள்ளே போனபோது கட்டியின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். ஊறவைத்த பிண்ணாக்கு மாதிரி சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. நான் உறிஞ்சும் குழாயால் அதை மறைத்து ஒரே நொடியில் எடுத்துவிட்டு, கேமராவை வேறு பக்கம் திருப்பச் சொன்னேன்; மாடியில் பார்த்தவர்களுக்கு ரத்தம் உறிஞ்சுவதாகத்தான் தெரிந்திருக்கும். மைக்கில் தெளிவான குரலில் சொன்னேன்: “ஒட்டல் அதிகமாக இருக்கிறது. குழந்தையின் பாதுகாப்புதான் முக்கியம். திறந்து செய்யப் போகிறேன்.”

மேலே எழுந்து நின்று கை தட்டினார்கள். எவ்வளவு பக்குவம், எவ்வளவு அடக்கம், சரியான நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவர் என்று ஒருவர் மைக்கிலேயே சொன்னார். உங்களுக்குக் காட்டும் வீடியோவின் கடைசியில் வரும் கைத்தட்டல் அதுதான்.

வயிற்றைத் திறந்தபின் மிச்ச வேலை சீக்கிரம் முடிந்தது. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்ப ஒரு படிவம் உண்டு. கட்டி முழுசாக எடுக்கப்பட்டதா, உடைந்ததா என்று அதில் ஒரு கட்டம். சிஸ்டர் பேனாவோடு என்ன போட வேண்டும் என்று கேட்டார். ‘உடையவில்லை’ என்று போடச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தார். “நீங்களே எழுதிடுங்க சார். என் கையெழுத்து அதுல வேணாம்.”

சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன் என்று வெளியே வந்தேன். அந்த அரை மணி நேரத்தில் என் மூளை செய்த வேலையைப் பற்றித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தி பிடிக்கும் விதத்தை வேறு யாரும் சொல்லித் தருவார்கள். நகக்கண் அளவுதானே, உறிஞ்சி எடுத்தாயிற்றே என்றது மூளை. உடைந்தது என்று எழுதினால் வளரும் குழந்தையின் வயிற்றில் கதிர்வீச்சு பாயும், முதுகெலும்பு வளர்ச்சி குறையும், எழுதாமல் விட்டு அவளைக் காப்பாற்று என்றது. என் பெயரைக் காப்பாற்றும் வேலைக்கு ஒரு நாலு வயதுப் பெண்ணின் முதுகெலும்பைத் துணைக்கு அழைத்தேன் பாருங்கள், அதில் எனக்கே இன்னும் வியப்பு. எழுதாமல் விட்டால் குறைந்த மருந்தோடு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிந்தியது உள்ளே முளைத்தால் அவள் செத்துப்போவாள். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன், பொன்னாடை போர்த்திக்கொண்டேன், போட்டோவுக்கு நின்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடம் கோணல் என்று சொல்லியே பரிசும் வாங்கியவன்.

பொன்னாடையோடு படியிறங்கும்போது தர்ஷினியின் அப்பா கீழே நின்றிருந்தார். வயிற்றைத் திறந்த செய்தி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். தழும்பைப் பற்றிக் கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“சத்தம் மாறுச்சுங்களா?”

மாறியது என்றேன்.

“நிறுத்துனீங்களா?”

பக்கத்தில் இருந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். நிறுத்தவில்லை, இழுத்தேன், கிழிந்தது, கொஞ்சம் சிந்திவிட்டது, இனிமேல் கதிர்வீச்சும் கூடுதல் மருந்தும் வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என் தோளில் கிடந்த பொன்னாடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொல்லீட்டுத்தான போனேன்” என்றார்.

இந்த வட்டாரத்தில் நாலு வயதுப் பிள்ளையிடம் பேசினாலும் மரியாதைக்கு ‘ங்க’ போடுவார்கள். அது இல்லாமல் ஒருவர் பேசினால் கை நீட்டி அடித்ததற்குச் சமம். வாங்கிக்கொண்டேன். பிறகு அவர், இனி என்ன செய்ய வேண்டும், எங்கே கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். திரும்ப அரங்குக்குப் போனபோது படிவமும் பேனாவும் வைத்த இடத்திலேயே இருந்தன. ‘உடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

என் நண்பர்கள் யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றினார்கள். யானைக்கு அடி சறுக்கினால் யானைதான் விழும். இங்கே விழுந்தது ஒரு குழந்தை. அடுத்த சில மாதங்கள் தர்ஷினி மருந்திலும் கதிரிலும் பட்டபாட்டைக் கூடவே இருந்து பார்த்தேன். முடி கொட்டியது, சோறு இறங்கவில்லை, என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் அப்பா வடக்கே போகாமல் உள்ளூர் வண்டிக்கு மாறினார். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். அவமானமாக இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். நோய் திரும்பி வரவே இல்லை. இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். உயரம் கொஞ்சம் குறைவு, இடுப்பு இடது பக்கம் மெலிவு, வயிற்றில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தழும்பு. ஓய்வு பெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை அப்பாவும் பெண்ணும் என் வீட்டுக்கே வருகிறார்கள். ‘ங்க’வும் எப்போதோ திரும்பி வந்துவிட்டது.

உங்கள் தலைவரின் கடிதம் வந்த அதே வாரம் வந்திருந்தார்கள். தர்ஷினி போனில் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறாள். பெயர் இல்லாவிட்டாலும் வயது, வலமா இடமா, மருத்துவமனை, தேதி எல்லாம் பொருந்தியதில் அது தன் வயிறுதான் என்று கண்டுபிடித்துவிட்டாள். எனக்கும் காட்டினாள். இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கையையும் காட்டினாள்.

“கடைசியில எல்லாருங் கை தட்டறாங்களே, எதுக்குங்க?”

“நான் சரியான நேரத்துல நிறுத்திட்டேன்னு நினைச்சுக்கிட்டாங்க, சாமி.”

அவளுக்கு உண்மை தெரியும். விவரம் தெரிந்த வயதிலேயே அப்பா சொல்லியிருக்கிறார். அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பதிலாக அவள் அப்பாதான் கேட்டார்.

“எங்ககிட்டச் சொன்னதை அவுங்ககிட்டச் சொல்லீட்டீங்களா?”

இல்லை என்றேன். படிவத்தில் எழுதினேன், அவரிடம் சொன்னேன், மருந்து கொடுத்த டாக்டரிடம் சொன்னேன். கை தட்டியவர்களிடம் மட்டும் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. அந்த வீடியோ ஊர் ஊராகப் போய் எனக்குப் பேர் வாங்கித் தந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த முறை உங்களுக்கு அதைப் போட்டுக் காட்டும்போது, நான் திறந்து செய்யப் போகிறேன் என்று அறிவிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொல்லுங்கள். லென்ஸ் துடைப்பதற்காகக் கேமரா வெளியே வரும். திரை முழுக்க வெள்ளைத் துணி. பொதுவாக அந்த இடத்தில்தான் பார்ப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்வார்கள். பேசாமல் பாருங்கள். அந்த அரை நிமிடத்தில்தான் நான் அவளைக் கிழித்தேன்.